நூற்று இருபத்தைந்து கிராம்

ஆபீசில் நெடுஞ்செழியனை எல்லோரும் நெட் என்றுதான் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த அந்த மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களுக்குத் தினமும் நகல் எடுத்து வைக்கும் மென்பொருளை அவர்கள் விற்றார்கள். எடுத்த நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிக்கும் பகுதியை எழுதியவன் அவன். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத இடத்தில் அவனுடைய க்யூபிக்கிள். மாடியில் இருந்த மார்க்கெட்டிங் ஆட்களுக்கு அவன் முகம்கூடச் சரியாகத் தெரியாது.

அதனால் 1999 மார்ச்சில் ஒரு நாள் மார்க்கெட்டிங் தலைவர் கிரெய்க் அவனைத் தேடிக் கீழே இறங்கி வந்தபோது, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

"நெட், நீ ரஷ்யாவுல படிச்சியாமே?"

"ஆமா. லெனின்கிராட்ல ஆறு வருஷம். இன்ஜினியரிங்."

"அப்ப ரஷ்யன் நல்லா பேசுவே?"

"பேசுவேன், படிப்பேன்."

"அருமை. மேல வா. உன் உதவி எனக்கு வேணும்."

மாடி மீட்டிங் ரூமில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுவர் முழுக்கச் சிவப்பு. மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த கம்ப்யூட்டர் கண்காட்சிக்குக் கம்பெனி தயாராகிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் சோவியத் பாணியில் விளம்பரம் செய்வது என்று முடிவாகியிருந்தது. உயர்த்திய முஷ்டிகள், பல்சக்கரங்கள், சூரியக் கதிர்கள், நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்.

ஆங்கிலம் தெரிந்தவன் அதை 'காம்ரேட், பேக்கப் எடுத்தாயா' என்று வாசிப்பான். ஆனால் எழுத்துகள் ரஷ்ய வேஷம் கட்டியிருந்தன. 'ஆர்' வரவேண்டிய இடத்தில் அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டிருந்தார்கள். 'ஏ' வரவேண்டிய இடத்தில் கூரை வைத்த குட்டி வீடு மாதிரி ஒரு எழுத்து. திரும்பிய ஆர் ரஷ்ய மொழியில் 'யா'. தனியாக நின்றால் 'நான்' என்று அர்த்தம். அந்தக் குட்டி வீடோ 'த'. ரஷ்ய மொழி அறிந்தவன் அந்தப் பலகை முன்னால் நின்றால், 'சோம்யாத்' என்று முதல் சொல்லிலேயே இடறி விழுவான்.

"சரியா இருக்கா? ரஷ்யன் மாதிரி தெரியுதா?" என்றார் கிரெய்க்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் கம்பெனி வக்கீலிடம் இருந்தது. அந்த நினைப்பு வந்தது உண்மை. ஆனால் பிற்பாடு யோசித்தபோது, பயம் பாதிதான் என்று அவனுக்கே தெரிந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த மேஜையைச் சுற்றி உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவையாக அவனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

"பிரமாதமா இருக்கு," என்றான்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை மாடிக்குக் கூப்பிட்டார்கள். ரஷ்யக் கதைகளைக் கேட்டார்கள். பனியைப் பற்றி, வரிசைகளைப் பற்றி, ஹாஸ்டல் சூப்பைப் பற்றிச் சொன்னான். எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். தனக்கு இப்படி ஆட்களைச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பதே அவனுக்குப் புதிது. இன்னும் சிரிக்க வைக்கவேண்டும் என்று இருந்தது. மூன்றாவது மீட்டிங்கில் ஹாஸ்டல் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜினயீதா பாவ்லொவ்னாவைப் பற்றிச் சொன்னான்.

"சாப்பிட்டு முடிச்சதும் மேஜையில விழுந்திருக்கிற ரொட்டித் தூளை எல்லாம் கையால கூட்டி, ஒரு டீ டப்பாவுல போட்டு மூடி வெச்சுக்குவாங்க. யாராவது ரொட்டியை மிச்சம் வெச்சா தொலைஞ்சான். ஹாஸ்டலே நடுங்கும்."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவனும் சிரித்தான்.

"அந்த மாதிரி ஒரு முகம்தான் வேணும்," என்றார் கிரெய்க். "மாடலிங் ஏஜென்ஸியில இருந்து வர்றவங்க எல்லாம் ரொம்ப அழகா இருக்காங்க. உன்கிட்ட அந்த அம்மா போட்டோ இருக்கா?"

"இருக்கு," என்றான்.

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. இரண்டாம் வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கஞ்சியைப் பாத்திரத்தில் ஊற்றி, துண்டால் சுற்றி, தினமும் டிராம் பிடித்து வந்து கொடுத்தவள் அவள்தான். இந்திய மாணவர்கள் அவளை ஜீனா அத்தை என்றே கூப்பிட்டார்கள். அந்த டப்பாவைப் பற்றி ஒரு நாள் அவன் கேட்டான். நாற்பத்தொன்றாம் வருஷக் குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை நகரத்தைச் சூழ்ந்து நின்றபோது அவளுக்குப் பதினான்கு வயது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்று இருபத்தைந்து கிராம் ரொட்டி. எவ்வளவு என்று உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். தன் பங்கிலிருந்து விழும் தூளை ஆறு வயதுத் தம்பி கோல்யாவுக்காக டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஜனவரியில் கோல்யா இறந்துபோனான். பழக்கம் மட்டும் நிற்கவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை.

வீட்டில் அலமாரியைக் குடைந்து அந்தப் போட்டோவை எடுத்தபோது மனைவி கலாவதி கதவருகில் வந்து நின்றாள்.

"ஜீனா அத்தை போட்டோ எதுக்குங்க?"

"ஆபீஸ்ல ஒரு பிரசன்டேஷன். நான் படிச்ச இடத்தைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க."

அவளிடம் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சொன்னான். செய்வது தப்பு என்று தனக்கு அப்போதே தெரிந்திருந்தது, அதனால்தான் பொய் வந்தது என்று பிறகு நினைத்துக்கொண்டான்.

எண்பத்தைந்தாம் வருஷம் மே ஒன்பதாம் தேதி, வெற்றி நாளன்று எடுத்த படம் அது. ஜீனா அத்தை கருப்புக் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஹாஸ்டல் படியில் நிற்கிறாள். கண்ணில் வெயில் அடித்ததால் புருவம் நெரிந்திருக்கும். படம் எடுத்த மறுநிமிஷம் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை.

கிரெய்க் படத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். கேமரா அவனுடையது என்பதால் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "அவங்ககிட்டயும் ஒரு கையெழுத்து வேணுமா?" என்று யாரோ கேட்டபோது, "அவங்க இப்ப எங்க இருக்காங்களோ," என்றான். அவள் இருந்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குக் கல்யாணமானபோது அங்கிருந்துதான் கலாவதிக்கு ஒரு சால்வை தபாலில் வந்தது.

கண்காட்சியில் பார்வையாளர்களுக்கு ரேஷன் கார்டு மாதிரி ஒரு அட்டை கொடுப்பது என்று கிரெய்க் யோசனை சொன்னார். வரிசையில் நின்று அட்டையில் முத்திரை வாங்கினால் ஒரு டி-ஷர்ட் இலவசம்.

"அட்டையில ரொட்டி எத்தனை கிராம்னு போடலாம், நெட்? ஐநூறா? முந்நூறா?"

"நூத்தி இருபத்தஞ்சு," என்றான்.

யோசித்துச் சொல்லவில்லை. கேட்டார்கள், சரியான விடை தெரிந்தது, வாயில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கும் பையனைப் போல.

"நல்ல நம்பர்," என்றார் கிரெய்க். "நிஜம் மாதிரி இருக்கு."

கீழ்த்தளத்தில் லுத்மிலா என்ற பெண் அந்த வருஷம் தொடக்கத்தில்தான் கான்ட்ராக்டில் டெஸ்டராக வந்து சேர்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். பீட்டர்ஸ்பர்க்காரி; லெனின்கிராடுக்கு இப்போது அதுதான் பெயர். அவனுக்கு ரஷ்ய மொழி தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பத்து வருஷமாக நாக்கில் துருப்பிடித்துக் கிடந்த மொழி மெல்ல அசைந்து வந்தது. ஆபீசில் அவள் மட்டும் அவனைச் செழியன் என்று கூப்பிட்டாள். அவனுடைய பிழைகளைத் திருத்துவாள். அவன் கொண்டுபோகும் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை எடுத்துக்கொள்வாள். மாடியில் நடப்பதை அவளிடம் அவன் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தான். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசினான்.

கண்காட்சியன்று காலையில் கம்பெனி ஊழியர்கள் எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். நெடுஞ்செழியன் முந்தின நாளே போய்விட்டிருந்தான். முழுப் போஸ்டரை அப்போதுதான் பார்த்தான். பத்தடி உயரத்தில் ஜீனா அத்தையின் முகம். பின்னால் சிவப்புக் கதிர்கள். முகத்தின் சுருக்கங்களை இன்னும் கறுப்பாக்கி, கண்களைக் கொஞ்சம் இடுக்கி, பார்ப்பவன் பயப்படும்படி செய்திருந்தார்கள். மார்பில் மூன்று பதக்கங்கள். நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்பெனியின் சின்னத்தைத் தொங்க விட்டிருந்தார்கள். இடது ஓரத்தில், ஆலிவ் பச்சை ரிப்பனில், லெனின்கிராட் பாதுகாப்புப் பதக்கம் அப்படியே இருந்தது.

 மறுநாள் காலை கண்காட்சி திறந்ததும் ஒருத்தி வந்து அவன் தலையில் மயிர்த் தொப்பியை வைத்து, கையில் முத்திரைக் கட்டையைக் கொடுத்தாள். அவன் வேலை சுலபம். வரிசையில் வருபவனைப் பார்த்து ரஷ்ய மொழியில் 'அடுத்த ஆள்' என்று அதட்டவேண்டும். அட்டையில் முத்திரை குத்தவேண்டும். ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். வரிசை பக்கத்துக் கடை வரைக்கும் நீண்டது. கிரெய்க் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பதினோரு மணி வாக்கில் அட்டையை நீட்டிய கையைப் பார்த்து 'அடுத்த ஆள்' என்றான். நிமிர்ந்தபோது லுத்மிலா.

அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தொப்பியில் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கவேண்டும். வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற தலைகள் போஸ்டரின் கீழ்ப்பகுதியை மறைத்திருக்கும். இப்போது அவள் கண்கள் அவனுக்குப் பின்னால் உயர்ந்தன. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இது யார்?" என்று ரஷ்ய மொழியில் கேட்டாள்.

"தெரியல. ஏதோ ஏஜென்ஸியில வாங்கின படம்."

"அந்தப் பச்சை ரிப்பன் தெரியுதா? எங்கம்மாகிட்ட இருந்துச்சு. எதுக்குக் கொடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தலையை அசைத்தான். தெரியாது என்று.

லுத்மிலா கையில் இருந்த அட்டையை அப்போதுதான் படித்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வரிசை என்றால் இப்படித்தான் என்று விளையாட்டில் சேர்ந்துகொண்ட மாதிரி.

"இந்த நம்பரை யார் கொடுத்தாங்க?" என்றாள். குரல் உயரவில்லை. "அமெரிக்காக்காரன் யாருக்கும் இது தெரியாது. இங்க கிரெய்க்குக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. யார் கொடுத்தாங்க, செழியன்?"

தொப்பிக்குள் வியர்த்து நெற்றியில் வழிந்தது. தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அவள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். எழுத்து அவன் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். பிறகு கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

அடுத்து நின்றவன் அட்டையை நீட்டினான். நெடுஞ்செழியன் முத்திரை குத்தினான். அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் குத்தினான். அதுதான் அவனால் பிற்பாடு தாங்க முடியாமல் போன விஷயம்.

வீட்டுக்கு ஒரு டி-ஷர்ட்டோடு போனான். ஊழியர்கள் எல்லோர் கையிலும் ஒன்று திணித்திருந்தார்கள். எட்டு வயது வெண்பா பையைப் பிரித்து அதை விரித்துப் பிடித்தாள்.

"அப்பா, ஹூ இஸ் திஸ் ஸ்கேரி லேடி?"

அடுப்படியில் இருந்து கலாவதி எட்டிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து டி-ஷர்ட்டை மகளிடமிருந்து வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது அவங்கதானே?"

"ஆமா."

"பிரசன்டேஷன்னு சொன்னீங்க."

அவன் காலணியைக் கழற்றக் குனிந்தான்.

"அவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"உங்கம்மா போட்டோவைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவனும் எதையாவது பதிலுக்குச் சொல்லியிருப்பான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல அவள் கேட்டாள். சோபாவில் உட்கார்ந்து, மார்ச் மாதத்திலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னான். டப்பாவைப் பற்றி, கோல்யாவைப் பற்றி, நம்பரைப் பற்றி, லுத்மிலாவிடம் தெரியாது என்று சொன்னதைப் பற்றி. வெண்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

"நாளைக்குப் போய் எடுக்கச் சொல்லுங்க," என்றாள் கலாவதி.

"கிரீன் கார்டு—"

"வந்தா வருது. வராட்டி ஊருக்குப் போலாம். முதல்ல போய்ச் சொல்லுங்க."

மறுநாள் கண்காட்சி திறப்பதற்கு முன்பே கிரெய்க்கைப் பிடித்தான். பேச வேண்டியதை எல்லாம் ரயிலில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தான். அந்த நகரத்தில் ஒரு குளிர்காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள், அந்த நம்பர் அவர்களுக்குக் கிடைத்த ரொட்டி, இந்தப் பெண் அதில் தம்பியைப் பறிகொடுத்தவள் என்று சொன்னான். எழுத்துகளும் தப்பு என்றான். கிரெய்க் கையில் காபியோடு கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது.

"கடவுளே," என்றார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அட்டைகளைப் பெட்டியில் போடச் சொன்னார். போஸ்டரை இறக்கச் சொன்னார். ஏணி வந்தது. பத்து நிமிஷத்தில் சுவர் காலியாகிவிட்டது. ஒரு பத்திரிகையில் மட்டும் விளம்பரம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அதை இனி நிறுத்த முடியாது என்றார்.

"நெட், ஒண்ணு கேக்கறேன். மார்ச்லயே ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்போமே. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?"

அவன் எதிர்பார்த்து வந்தது வேறு. சண்டை வரும், வேலை போகும், எதையாவது இழந்துவிட்டு நிமிர்ந்து வெளியே நடக்கலாம் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாயைத் திறந்தால் போதுமாக இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அவனை யாரும் மிரட்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை லுத்மிலாவின் க்யூபிக்கிளுக்குப் போனான்.

"அவங்க பேர் ஜினயீதா பாவ்லொவ்னா," என்று ரஷ்ய மொழியில் தொடங்கினான். "எனக்குத் தெரிஞ்சவங்க. நான்தான் படத்தைக் கொடுத்தேன். நம்பரையும் நான்தான் சொன்னேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"ஓகே," என்றாள். "தேங்க்ஸ் ஃபார் டெல்லிங் மீ."

ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். மரியாதையாகப் பேசினாள். சாப்பாட்டு நேரத்தில் காருக்குப் போய்விடுவாள். ஆகஸ்டில் கான்ட்ராக்ட் முடிந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஜீனா அத்தையைக் கூப்பிட அவனுக்கு மூன்று வாரம் ஆனது. மௌரி அவென்யூ மளிகைக்கடையில் வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் போட்டான். அங்கே சாயங்காலம். யாரோ எடுத்து, நடைவழியில் குரல் கொடுத்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவள் வந்து சேர்வது வரைக்கும் கேட்டது. காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. பெயரைச் சொன்னதும் சந்தோஷமாகக் கத்தினாள். கலாவதியை விசாரித்தாள், குழந்தையை விசாரித்தாள், ஈரல் எப்படி இருக்கிறது என்றாள்.

அவன் சொன்னான். காது கேட்காததால் பாதியை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்வதே கஷ்டமாக இருந்ததை மறுபடியும் உரக்கச் சொன்னான்.

"என் முகமா? எதுக்கு?"

"கம்ப்யூட்டர் சாமான் விக்கறதுக்கு."

"பதக்கத்தோடயா?"

"ஆமா. அதுல ஒண்ணை மாத்திட்டாங்க."

அவன் நம்பரைப் பற்றியும் சொன்னான். அட்டையைப் பற்றி, டப்பாவைச் சொல்லிச் சிரிக்க வைத்ததைப் பற்றி. மன்னிப்புக் கேட்டான். மறுமுனையில் எங்கோ ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று, "ஜீனா அத்தை?" என்றான்.

"இருக்கேன்," என்றாள். பிறகு, "அந்த ஹாஸ்டல்ல முந்நூறு பேர் இருந்தாங்க. உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"தெரியும்."

"சரி. அடுப்புல கெண்டி வெச்சிருக்கேன். போய் இறக்கணும்."

வைத்துவிட்டாள்.

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு மூன்று கடிதங்கள் எழுதினான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இரண்டாயிரத்தொன்றில் கிரீன் கார்டு வந்தது. அதே வருஷம் அவளுடைய அண்ணன் மகள் இரண்டு வரியில் எழுதினாள். பிப்ரவரியில் ஜீனா அத்தை இறந்துவிட்டாளாம். அடக்கம் நன்றாக நடந்ததாம். கடிதங்கள் வந்து சேர்ந்தனவா, அவள் படித்தாளா என்று அதில் இல்லை. எழுதிக் கேட்கலாம் என்று கலாவதி சொன்னாள். அவன் கேட்கவில்லை.

ஆனால் இது பிற்பாடு. அந்தச் சனிக்கிழமை காலை வெண்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வேறு ஒரு மொழியில் இவ்வளவு நேரம் உரக்கப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"டிட் யூ ஸே ஸாரி?"

"சொன்னேன்."

"வாட் டிட் ஷீ ஸே?"

கெண்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தான்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றான்.

வெண்பா கிண்ணத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கார்ட்டூன் போட்டுக்கொண்டாள்.